கற்றதெல்லாம் கடன்

ஜப்பானில் ஜனவரிக் குளிருக்கென்றே ஒரு சாதகப் பயிற்சி இருந்தது. கங்கெய்கோ என்று பெயர். விடிவதற்கு முன்பே, விருந்துகளில் ஆடிப் பாடி உபசரிக்கும் கெய்ஷாவாகப் பயிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனைத் தூக்கிக்கொண்டு வீட்டின் திறந்த தாழ்வாரத்துக்கோ, துணி காயப்போடும் மாடிக்கோ போய்விட வேண்டும். சுற்றிலும் பனி. விரல்களைப் பனித்தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்ன வீடுகளும் உண்டு. மரத்துப்போன விரலில் தந்தி வெட்டி ரத்தம் வரும். பாட்டுக்கும் இதே பாடுதான். அந்தக் குளிர்காற்றில் தொண்டை கட்டும்வரை பாடி, குரல் ஒருமுறை உடைந்து, அப்புறம் தேறி வருகிற குரல்தான் சபையில் நிற்கும் என்று நம்பினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி நடக்கும்.

கெய்ஷா என்றதும் பலருக்கும் வெள்ளை முகமும் சிவந்த உதடும் கண்முன் வரும். எனக்கு இந்த உலகம் காது வழியாகத்தான் அறிமுகமானது. இச்சிமாரு என்ற பாடகியின் பழைய கிராமபோன் பதிவுகளை இரவில் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. 1906-இல் பிறந்தவர், ஏழைக் குடும்பம், நிறைய உடன்பிறப்புகள். வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில் சிறுவயதிலேயே கெய்ஷாவாகி, பிறகு டோக்கியோவின் அசாகுசாவுக்கு வந்து, 1930களின் தொடக்கத்தில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாட ஆரம்பித்தார். இசைத்தட்டின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மெல்லிய கம்பி இழுத்ததுபோல் வரும். நடுக்கமே இருக்காது. எந்தப் பயிற்சி இப்படி ஒரு குரலைச் செய்தது என்ற கேள்விதான் என்னை உள்ளே இழுத்தது.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. கெய்ஷாவின் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கடனைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடனைப் பற்றி எழுதுகிறவர்கள் கலையை வெறும் பூச்சாகப் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பேரேட்டில் இருந்தவை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டுக்கு ஆன குருதட்சணை அவள் கணக்கில் பற்று. ஷாமிசெனும் பற்று, கிமோனோவும் பற்று, தின்ற சோறும் பற்று. அவள் எவ்வளவு நன்றாகக் கற்றாளோ அவ்வளவு கடன்பட்டாள். இதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பிள்ளை எப்படி அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள் என்பதிலிருந்து தொடங்கலாம். கெய்ஷாக்கள் தங்கும் வீட்டுக்கு ஒகியா என்று பெயர். அதை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் ‘ஒகாசான்’ என்பார்கள், அதாவது அம்மா. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மகள்கள் சிலர் உண்டு. மற்றபடி வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊருக்கு ஒரு தரகர் வருவார், அப்பனிடம் பேசுவார். ஒரு தொகை முன்பணமாகக் கைமாறும். பிள்ளை இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்து உழைத்து அதை அடைக்க வேண்டும். பல இடங்களில் சட்டத்துக்காக அவளை வளர்ப்பு மகளாகப் பதிவு செய்துகொண்டார்கள். தரகர் கமிஷனும் ரயில் செலவும்கூடப் பிள்ளையின் கணக்கிலேயே ஏறுவது வழக்கம்.

1934-இல் வடகிழக்கு ஜப்பானில் குளிரால் நெல் பொய்த்தது. அந்தப் பக்கத்து யாமாகாட்டா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் ஜப்பானியப் பாடநூல்களில் வருகிறது. ஊர் ஆலோசனை நிலையத்தின் அறிவிப்பு அது: மகளை விற்பதாக இருந்தால் இங்கே வந்து கலந்துபேசுங்கள். ஏமாற்றுத் தரகர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் வைத்ததுதான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அப்படி ரயிலேறிய பிள்ளைகளில் பலர் நூற்பாலைகளுக்கும், பலர் உரிமம் பெற்ற விபசார விடுதிகளுக்கும், சிலர் கெய்ஷா வீடுகளுக்கும் போனார்கள். எங்கே போகிறோம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை இல்லை.

வந்த புதிதில் பாட்டும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. தரை துடைக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். மூத்த கெய்ஷாக்களை ‘ஒனேசான்’, அக்கா என்றுதான் அழைக்க வேண்டும். அந்த அக்காமார் விருந்து முடிந்து நடுராத்திரி தாண்டி வீடு திரும்பும்வரை தூங்காமல் வாசலில் காத்திருந்து கதவைத் திறப்பது இவள் வேலை. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துகொள்வதும் இவள்தான். குனிந்து வணங்குவது, கதவை மண்டியிட்டுத் திறப்பது, யாரிடம் எந்த மரியாதைச் சொல் என்பதெல்லாம் இந்தக் காலத்தில்தான் உடம்பில் ஏறும். கெய்ஷா வீடுகள் சேர்ந்திருக்கும் அந்தப் பேட்டைக்கென்று ஒரு பேச்சு நடை இருக்கும். பிள்ளையின் நாட்டுப்புறப் பேச்சைத் துடைத்துவிட்டு அதைப் பழக்குவார்கள்.

மாசுதா சாயோ என்றொரு பெண். 1925-இல் நாகானோ மலைப்பக்கம் பிறந்தவர். ஐந்தாறு வயதிலேயே ஒரு பண்ணை வீட்டில் குழந்தை தூக்கும் வேலைக்கு விடப்பட்டவர். குளிர்காலத்தில் காலுறை இல்லை. ஒரு காலைத் தூக்கி மற்றொரு காலின் தொடையில் வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு, அப்புறம் காலை மாற்றிக்கொண்டு நிற்பாராம். அதைப் பார்த்தவர்கள் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். 12 வயதில் சுவா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஓர் ஒகியாவுக்கு விற்கப்பட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். பின்னாளில் சுயமாக எழுத்துக் கற்று, 1957-இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். கெய்ஷாக்களைப் பற்றிய எழுத்தில் எனக்கு மிக முக்கியமான சாட்சி அவர்தான். சபைக்கு வந்த பெரிய மனிதர்களின் நினைவுக்குறிப்புகள் ஏராளம். கதவைத் திறந்துவிட்ட பிள்ளை எழுதியது எத்தனை இருக்கிறது?

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஆறாவது வயதின் ஆறாவது மாதம் ஆறாவது நாள் கலைப்பயிற்சி தொடங்க உகந்தது என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. வசதியான பேட்டைகளில் வீட்டு மகள்கள் அப்படியே தொடங்கினார்கள். விலைக்கு வந்த பிள்ளைகள் வந்த வயதில் தொடங்கினார்கள். காலை நேரம் முழுக்க ஒரு குருவின் வீட்டிலிருந்து இன்னொரு குருவின் வீட்டுக்கு ஓட்டம்தான். நடனம், ஷாமிசென், நீண்ட கதைப்பாட்டுகள், குட்டிப் பாட்டுகள், தோளில் வைத்துத் தட்டும் சிறு முழவு, கோல் கொண்டு அடிக்கும் பறை, புல்லாங்குழல், தேநீர்ச் சடங்கு. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றில் ஆழம் வேண்டும்.

ஷாமிசெனைக் கிட்டே வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பாடத்தின் கடுமை புரியும். மூன்றே தந்தி, முறுக்கிய பட்டு இழை. பூனைத்தோலோ நாய்த்தோலோ இழுத்துக் கட்டிய சதுரப் பெட்டி. நீண்ட கழுத்து, அதில் வீணைபோல மெட்டுகள் கிடையாது. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதை இடது கைவிரல் தானே கண்டுபிடிக்க வேண்டும். வலது கையில் விசிறி வடிவத்தில் விரிந்த ‘பாச்சி’, தந்தத்தாலோ கெட்டியான மரத்தாலோ செய்தது. தந்தியைத் தட்டும்போதே தோலிலும் அடி விழும், ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ஒரு தாளச் சத்தம் சேர்ந்தே வரும். சுருதி கூட்ட மூன்று முறைகள் உண்டு. பாட்டின் நடுவிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டிவரும். பட்டுத்தந்தி சீக்கிரம் தளரும், வாசித்துக்கொண்டே முறுக்கி ஏற்ற வேண்டும். குருவும் சிஷ்யையும் எதிரெதிரே மண்டியிட்டு உட்காருவார்கள். பிள்ளை பார்ப்பது குருவின் கையை, கண்ணாடியில் பார்ப்பதுபோல. தாளில் எழுதிப் படிப்பது பெரும்பாலும் இல்லை. குரு வாசிப்பார், இவள் வாசிப்பாள், தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஏன் தப்பு என்று விளக்குகிற வழக்கமும் இல்லை. அடுத்த பிள்ளை பாடம் எடுக்கும்போது சுவரோரம் உட்கார்ந்து கேட்பதும் பாடம்தான்.

நடனம் என்றால் கியோத்தோவின் கியோன் பேட்டையைச் சொல்லாமல் முடியாது. அங்கே இனோவுவே என்ற நடனப் பரம்பரைக்கு மட்டும்தான் இடம். நோ என்ற பழைய முகமூடி நாடகத்திலிருந்தும் பொம்மலாட்டத்திலிருந்தும் எடுத்து வளர்த்த பாணி அது. இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாமல் ஆட வேண்டும். சோகம் கழுத்துத் திரும்புவதில் தெரிய வேண்டும். கையில் இருக்கும் விசிறி கடிதமாகும், மதுக்கிண்ணமாகும், மழையாகும். பரம்பரைத் தலைவியான மூன்றாம் இனோவுவே யாச்சியோ 1838-இல் பிறந்து 1938-இல் இறந்தார். கடைசிக் காலம்வரை பாடம் சொன்னவர். அந்தப் பள்ளியில் மிகப் பயந்த தண்டனை ‘ஒத்தொமே’. ஆடிக்கொண்டிருக்கும்போதே குரு நிறுத்தச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், பாடம் கிடையாது, விசிறியை மூடிக்கொண்டு வெளியேற வேண்டும். என்ன தப்பு என்று தானே கண்டுபிடித்து, மூத்தவர்கள் யாரையாவது பிடித்து மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வர வேண்டும். அடியைவிட அதற்குத்தான் பிள்ளைகள் நடுங்கினார்கள்.

இந்தப் பரம்பரைக்குக் கியோன் பேட்டை முழுவதும் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு கியோத்தோ களையிழந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள், 1872-இல். அதில் கெய்ஷாக்களைக் கூட்டமாக மேடையேற்றி ஆடவைக்கலாம் என்று மாக்கிமுரா மசானாவ் என்ற அதிகாரியும், பேட்டையின் பெரிய விருந்து இல்லமான இச்சிரிக்கியின் உரிமையாளரும் முடிவெடுத்தார்கள். அமைத்துக் கொடுத்தவர் இந்த மூன்றாம் யாச்சியோ. அதற்கு முன்வரை அந்த ஆட்டம் ஓர் அறைக்குள் நாலைந்து பேர் பார்ப்பது. மியாக்கோ ஒதோரி என்ற அந்த நிகழ்ச்சி இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிறது.

பயிற்சியில் தேறிய பிள்ளைக்கு ஒரு மூத்த கெய்ஷா அக்காவாக வாய்க்க வேண்டும். மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மடக்கு மது பரிமாறிக்கொண்டு இந்த உறவைக் கட்டுவார்கள். ஜப்பானியக் கல்யாணத்தில் மணமக்கள் செய்கிற அதே சடங்கு. அக்காவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து தங்கையின் புதுப்பெயரில் சேரும். தங்கை சபையில் தப்புச் செய்தால் அக்காதான் போய் மன்னிப்புக் கேட்பாள். இந்த உறவில் கொடுமையும் நடந்திருக்கிறது, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அன்பும் இருந்திருக்கிறது. பெற்றவர்களை விட்டு வந்த பிள்ளைக்கு அக்கா என்று கூப்பிட ஆள் கிடைப்பது சின்ன விஷயமா?

கியோத்தோவில் பயிற்சிநிலைப் பெண்ணுக்கு மைக்கோ என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முன் 12, 13 வயதிலேயே மைக்கோவாக வெளியே வந்துவிடுவார்கள். அலங்காரம் தொடங்கும்போது முதலில் மெழுகுபோன்ற எண்ணெயை முகம், கழுத்து, முதுகு எங்கும் தேய்ப்பார்கள். அதன்மேல் தண்ணீரில் கரைத்த வெள்ளைப்பொடியைத் தட்டைத் தூரிகையால் பூசுவார்கள். பின்கழுத்தில் மட்டும் இரண்டு கூரிய கோடுகளாகத் தோலை அப்படியே விட்டுவிடுவார்கள், விசேஷ நாட்களில் மூன்று. மைக்கோவான முதல் வருடம் கீழுதட்டில் மட்டும் சிவப்பு. கூந்தல் சொந்தக் கூந்தல், வாரம் ஒருமுறைதான் கட்டுவது, ஆகவே தலையைச் சாய்த்துத் தூங்கக் கூடாது. மரப்பெட்டி மேல் சிறு திண்டு வைத்த உயரமான தலையணையில் கழுத்தை மட்டும் வைத்துப் படுக்க வேண்டும். தலை நழுவினால் தெரியட்டும் என்று கீழே தவிடு தூவிவைத்த வீடுகள் உண்டு. காலையில் கூந்தலில் தவிடு ஒட்டியிருந்தால் திட்டு. வருடக்கணக்கில் உச்சிமயிரை இழுத்துக் கட்டியதில் அந்த இடத்தில் வழுக்கை விழும். மூத்த கெய்ஷாக்கள் பலருக்கும் அது வாழ்நாள் முழுக்க இருந்தது.

அந்த வெள்ளைப்பொடி நெடுங்காலம் ஈயத்தால் ஆனது. 1887-இல் பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகி நாடகத்தில் ஒரு நடிகரின் கால் நடுங்கியதற்கு ஈய நஞ்சே காரணம் என்று தெரிந்த பிறகுதான் ஊரே பேச ஆரம்பித்தது. ஈயமில்லாத பொடி 1900களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. ஆனால் ஈயப்பொடிதான் தோலில் நன்றாக ஒட்டும் என்பதால் 1930கள்வரை அது விற்பனையில் இருந்தது. தினமும் முதுகுவரை பூசிக்கொண்ட பெண்களின் உடம்பில் அது என்ன செய்திருக்கும்!

இப்போது பணத்துக்கு வருகிறேன். இது எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

விருந்து நடப்பது ஒகியாவில் இல்லை, ‘ஒச்சாயா’ என்ற தனி இல்லத்தில். விருந்தாளி புதியவராக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். தெரிந்தவர் யாராவது அழைத்துவர வேண்டும், அவர்தான் இவருடைய பாக்கிக்கும் பொறுப்பு. கையில் காசு மாறாது. கணக்கு மொத்தமாகப் பின்னால் போகும். எந்தக் கெய்ஷா எத்தனை நேரம் இருந்தாள் என்பதை ஒரு காலத்தில் ஊதுபத்தியை எரியவிட்டுத்தான் அளந்தார்கள். எத்தனை பத்தி எரிந்ததோ அத்தனை கட்டணம். கடிகாரம் வந்த பிறகும் அந்தக் கணக்குப் பேச்சு மாறவில்லை. டோக்கியோவில் பயிற்சிப் பெண்ணுக்குப் பாதிக் கட்டணம். அழைப்பும் கணக்கும் ‘கென்பான்’ என்ற பேட்டை அலுவலகத்தின் வழியாகப் போகும். 1779-இல் எதோ என்ற அன்றைய டோக்கியோவின் யோஷிவாரா பேட்டையில் முதலில் ஏற்பட்ட முறை அது. கெய்ஷாக்கள் உடம்பை விற்கக் கூடாது, எளிமையாக உடுத்த வேண்டும், விருந்தாளிக்கு நெருக்கமாக உட்காரக் கூடாது என்று அப்போதே விதி போட்டார்கள். கெய்ஷாக்களின் மானத்தைக் காக்கப் போட்ட விதி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே இருந்த கணிகையரின் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

கட்டணத்தில் ஒச்சாயாவுக்கு ஒரு பங்கு, கென்பானுக்கு ஒரு பங்கு, மீதி ஒகியாவுக்கு. முழு ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சோறு, துணி, பாடம் எல்லாம் வீட்டுச் செலவு, வருமானம் மொத்தமும் வீட்டுக்கு. அவள் கையில் நிற்பது விருந்தாளி தனியாகக் கொடுக்கும் அன்பளிப்புதான். இன்னொரு வகையில் வருமானத்தைப் பங்கு போடுவார்கள், ஆனால் கிமோனோ அவள் செலவு. கடனை அடைத்துச் சொந்தக்காலில் நிற்கும் கெய்ஷாதான் மூன்றாவது வகை. ஒரு மைக்கோவின் பின்னால் கணுக்கால்வரை தொங்கும் ஒபி என்ற இடுப்புப் பட்டை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், பட்டு நெசவு. பருவத்துக்குப் பருவம் கிமோனோ மாற வேண்டும். போன தடவை உடுத்தியதையே அதே விருந்தாளி முன்னால் மறுபடி உடுத்துவது அழகில்லை. ஆகவே முன்பணம் அடைந்துவிடும் என்று தோன்றும் நேரத்தில் புதுக் கணக்கு ஏறியிருக்கும். வீட்டில் சாவு, அண்ணனுக்குப் படிப்பு என்று அப்பன் மறுபடி வந்து கடன் கேட்டு நிற்பதும் உண்டு. பொறுக்கமுடியாமல் வேறு வீட்டுக்கு மாறினால் புது வீடு பழைய கடனை அடைக்கும், அது இன்னும் பெரிய கடனாக அவள் பெயரிலேயே நிற்கும்.

சட்டம் என்ன செய்தது? 1872-இல் மாரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யோக்கோஹாமாவில் ஒதுங்கியது. உள்ளே அடைபட்டிருந்த சீனக் கூலிகளை ஜப்பான் விடுவித்தது. உங்கள் ஊரிலேயே பெண்களை விற்கிறீர்களே என்று கப்பல் தரப்பு வழக்கில் மடக்கியது. அவமானம் தாங்காமல் அரசு அதே ஆண்டில் விபசார விடுதிப் பெண்களையும் கெய்ஷாக்களையும் விடுவிக்கிற ஆணையைப் போட்டது. கடனைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதற்கு நீதித்துறை சொன்ன காரணம் இது: இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்து மாடு குதிரை போல ஆகிவிட்டவர்கள், மாட்டிடமும் குதிரையிடமும் மனிதர் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. விடுதலை கொடுக்கிற வாக்கியத்திலேயே இப்படி ஓர் இழிவு.

ஆணைக்குப் பிறகு அதே ஏற்பாடு வளர்ப்பு மகள் என்றும் தனிக் கடன் என்றும் வேறு தாளில் திரும்பி வந்தது. 1900-இல் உச்சநீதிமன்றம் ஒரு விடுதிப் பெண்ணின் வழக்கில் இன்னும் நுணுக்கமாகத் தீர்ப்புச் சொன்னது. அவளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது, வேண்டுமானால் போகலாம், ஆனால் வாங்கிய கடன் தனி, அது செல்லும். கெய்ஷா ஒப்பந்தங்களுக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தியது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வெளியே போனால் கடன்காரன் அப்பன் வீட்டு வாசலில் நிற்பான். இதற்குப் பெயர் சுதந்திரமா?

மிசுவாகே பற்றியும் சொல்லியாக வேண்டும், மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. போருக்கு முந்தைய காலத்தில் மைக்கோவின் முதல் உடலுறவை ஒரு செல்வந்தர் பெரிய தொகை கொடுத்து வாங்குவது பல பேட்டைகளில் வழக்கம். பேரம் ஒகாசானுக்கும் ஒச்சாயா உரிமையாளருக்கும் நடக்கும். பணம் வீட்டுக்கு. பிள்ளைக்கு 13, 14 வயது இருக்கும். அது முடிந்ததும் கூந்தல் கட்டும் விதம் மாறும், ஊருக்கே தெரியும். அப்புறம் ‘தன்னா’ என்று ஒரு புரவலர் அமைவார். கிமோனோ, பாடச்செலவு எல்லாவற்றையும் அவர் ஏற்பார். அந்த உறவில் சில இடங்களில் உண்மையான பாசம் வளர்ந்தது, குழந்தைகள் பிறந்தன. எல்லாக் கெய்ஷாவும் எல்லா விருந்தாளியிடமும் போனாள் என்பது பொய். உரிமம், சட்டம், பேட்டை விதி எல்லாவற்றிலும் கெய்ஷாவும் விடுதிப் பெண்ணும் வேறு வேறு. ஆனால் ஒரு சிறுமியின் உடம்புக்கு விலை பேசியதை மரபு என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

இதே உலகத்திலிருந்துதான் பின்னாளில் நடிகையான சடாயாக்கோ வந்தார். 1871-இல் பிறந்து, நான்கு வயதில் டோக்கியோவின் யோஷிச்சோ பேட்டையில் ஓர் ஒகியாவுக்கு வந்தவர். அவரை வளர்த்த ஒகாசான் நடனத்தோடு குதிரையேற்றமும் எழுத்தும் கற்க விட்டார். பிரதமர் இத்தோ ஹிரோபுமி அவருடைய புரவலர். பின்னர் கவாகாமி ஒத்தோஜிரோ என்ற நாடகக்காரரை மணந்து 1899-இல் குழுவோடு அமெரிக்கா போனார். ஜப்பானோ 1629 முதல் பெண்கள் மேடையேறத் தடை இருந்த மரபில் வந்த நாடு. பெண்வேடம் போட ஆள் வேண்டியிருந்தது, சடாயாக்கோ ஆடினார், அமெரிக்கா கொண்டாடியது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. நடிப்புப் பள்ளிக்கூடம் போனதில்லை. கெய்ஷா வீட்டில் கற்ற ஆட்டமே அவருக்கு மூலதனம். ஊர் திரும்பி 1908-இல் நடிகைகளுக்கென்று ஒரு பயிற்சிப்பள்ளி தொடங்கினார்.

தெருஹா என்ற பெண்ணின் கதை வேறு மாதிரி. 1896-இல் பிறந்தவர், தகப்பனால் விற்கப்பட்டவர். ஒசாக்காவில் கெய்ஷாவாக இருந்தபோது காதலன் சந்தேகப்பட்டான் என்று தன் சுண்டுவிரலை வெட்டிக் கொடுத்துவிட்டார். அப்போது பதினைந்து வயதுப் பெண். அதன் பிறகு டோக்கியோவின் ஷிம்பாஷி பேட்டைக்கு வந்து, நாடு முழுக்க விற்ற பட அஞ்சலட்டைகளில் புகழ்பெற்ற முகமானார். அந்த அட்டைகளை வாங்கியவர்கள் பார்த்தது அழகான ஒரு முகத்தை. திருமணம், வெளிநாடு, பிரிவு என்று என்னென்னவோ பட்டு, 1930களின் நடுவில் தலையை மழித்துத் துறவியானார். கியோத்தோவின் கியோஜி என்ற சிறு கோயிலில் வாழ்ந்து 1994-இல், 98 வயதில் மறைந்தார்.

அரசியல்வாதிகளின் மனைவியரில் கெய்ஷாக்கள் பலர் இருந்தார்கள். கிதோ தக்காயோஷி, இத்தோ ஹிரோபுமி, முத்சு முனேமித்சு என்று பட்டியல் போகும். கியோனின் கத்தோ யூக்கியை 1904-இல் அமெரிக்க மார்கன் குடும்பத்து இளைஞர் ஒருவர் மணந்தபோது, அவரை விடுவிக்க 40,000 யென் கொடுத்ததாக ஊரெல்லாம் பேச்சு. ஷிம்பாஷியிலும் கியோனிலும் இப்படிச் சில கதைகள் உண்டு. சுவா போன்ற வெந்நீர் ஊற்று ஊர்களில் மாசுதா சாயோவைப் போன்றவர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டேகூட வரவில்லை. அங்கே பாட்டும் உடம்பும் பிரிக்கப்படாமலேதான் விலைபோயின.

1920களில் நாடு முழுக்கக் கெய்ஷாக்கள் 80,000 பேரளவில் இருந்தார்கள். அப்புறம் காபி கடைகளும் ஜாஸ் இசையும் மேற்கத்திய உடையணிந்த பணிப்பெண்களும் வந்தார்கள். இளைஞர்கள் அங்கே போனார்கள். சில பேட்டைகள் கெய்ஷாக்களுக்கு மேற்கத்திய நடனம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தன. எடுபடவில்லை. மாறாமல் இருப்பதே இனி எங்கள் தொழில் என்று பெரிய பேட்டைகள் முடிவெடுத்த காலம் அதுதான் என்று நினைக்கிறேன். 1944 மார்ச்சில் போர்க்கால உத்தரவால் ஒச்சாயாக்களும் கெய்ஷா வீடுகளும் மொத்தமாக மூடப்பட்டன. ஷாமிசென் பிடித்த பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். போர் முடிந்த 1945 இலையுதிர்காலத்திலேயே வீடுகள் திறந்தன. மியாக்கோ ஒதோரி மறுபடி நடக்க 1950 ஆனது. புதிய கல்விச் சட்டத்தின்படி 15 வயதுவரை பள்ளி கட்டாயமானதால் 12 வயதுப் பிள்ளையை இனி எடுக்க முடியாது.

கடன் தாளைப் பற்றிய கடைசிச் சொல் 1955 அக்டோபரில் வந்தது. 16 வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணை மதுக்கூடத்தில் வேலைக்கு விட்டு அவள் தகப்பன் முன்பணம் வாங்கியிருந்தார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு. முன்பணமும் அந்தப் பெண்ணின் வேலையும் பிரிக்க முடியாதவை, வேலை ஒப்பந்தம் செல்லாது என்றால் கடனும் செல்லாது, ஒரு யென்கூடத் திருப்பித்தர வேண்டியதில்லை என்றது உச்சநீதிமன்றம். 1900-இல் வேறு வேறு என்று சொல்லப்பட்ட இரண்டையும் ஒன்று என்று சொல்ல 55 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த இடைவெளியில் பேரேடுகளில் பற்று எழுதப்பட்டவர்கள் யாருக்கும் அந்தத் தீர்ப்பால் ஒரு காசு திரும்பி வரவில்லை.